பூஜ்யங்களை விழுங்கும் எழுத்துகள்!



மொபைல் போனில் ஒரு பாட்டைப் போட்டால், அதன் கீழே '35 எம் வியூஸ்' என்று இருக்கிறது. அண்ணன் படிக்கும் வேலை விளம்பரத்தில், 'சம்பளம் ஆண்டுக்கு 4 எல்' என்று போட்டிருக்கிறார்கள். வீட்டு விளம்பரத்தில், '1.1 சிஆர்', வெளிநாட்டுக் கம்பெனி பற்றிய செய்தியில், '2 பி டாலர்'. கேம் விளையாட உட்கார்ந்தாலோ, '850 கே காயின்' என்று மினுமினுக்கிறது!

இன்றைக்கு எண் இருக்க வேண்டிய இடங்களில் எல்லாம், ஆங்கில எழுத்துகள் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கின்றன. இந்த எழுத்துகளின் பெயரைக் கேட்டால், நீங்கள் டக்கென்று சொல்லி விடுவீர்கள். 'எம் என்றால் மில்லியன், பி என்றால் பில்லியன். இதுகூடத் தெரியாதா டீச்சர்?' என்று என்னையே கேட்பீர்கள்.

சரி, அடுத்த கேள்வி. 35 எம் என்றால் எத்தனை லட்சம்? எத்தனை கோடி? இதைக் கேட்டால், பெரியவர்களே விட்டத்தைப் பார்க்கிறார்கள்!

என் கருத்தை முதலிலேயே சொல்லி விடுகிறேன். இந்த எழுத்தைப் பூஜ்யங்களாக மாற்றி, நம் கணக்கில் ஒருமுறை வாய் விட்டுச் சொல்லிப் பார்க்கும் வரை, எந்தப் பெரிய எண்ணையும் நம்பக் கூடாது. அதைக் கண்டு மயங்கவும் கூடாது, பயப்படவும் கூடாது. இன்னொன்று... பணம் சம்பந்தப்பட்ட இடத்தில் இந்த எழுத்துகளைத் தனியாகப் போடும் பழக்கத்தைப் பெரியவர்கள் விட்டுவிட வேண்டும். ஏன் இவ்வளவு கண்டிப்பாகச் சொல்கிறேன் என்று பார்க்கலாமா?

யார் இந்த எழுத்துகள்?

முதலில் 'கே'. இது நமக்குப் பழைய சொந்தம்தான். கிலோகிராம், கிலோமீட்டர் என்கிறோமே, அந்தக் 'கிலோ'வின் முதல் எழுத்து இது. கிரேக்க மொழியில் ஆயிரத்தைக் குறிக்கும் சொல்லில் இருந்து வந்தது. 1795ல் பிரான்ஸ் நாடு மெட்ரிக் அளவுகளைக் கொண்டு வந்தபோது, ஆயிரம் மடங்குக்கு இந்தப் பெயரை வைத்தது. 1999ல், 'ஒய் டூ கே' என்று சொல்லி உலகத்தையே பயமுறுத்தினார்கள். 2000வது ஆண்டு பிறந்ததும் கம்ப்யூட்டர்கள் தேதியைத் தப்பாகப் புரிந்து கொள்ளும் என்ற பயம் அது. '2 கே' என்றால் இரண்டாயிரம். 2000க்குப் பிறகு பிறந்தவர்களை, '2 கே கிட்ஸ்' என்று கேலி செய்கிறார்களே, அதுவும் இதே 'கே'தான்.

அடுத்தது 'எம்'. மில்லியன், அதாவது ஆயிரம் ஆயிரங்கள். ஒன்றுக்குப் பின் ஆறு பூஜ்யம். நம் கணக்கில் பத்து லட்சம்.

பிறகு 'பி'. பில்லியன், ஒன்றுக்குப் பின் ஒன்பது பூஜ்யம். நம் கணக்கில் நூறு கோடி.

கடைசியாக 'டி'. டிரில்லியன், ஒன்றுக்குப் பின் பன்னிரண்டு பூஜ்யம். நம் கணக்கில் லட்சம் கோடி.

இவர்களோடு நம் ஊர்க்காரர்கள் இருவரும் சேர்ந்து கொண்டார்கள். 'எல்' என்பது லட்சம். 'சிஆர்' என்பது கோடி. ஆங்கிலத்தில் கோடியை 'குரோர்' என்பார்கள். அதில் முதல் இரண்டு எழுத்துகள்தான் இந்த 'சிஆர்'.

ஆறாம் வகுப்புக் கணக்கில், இந்திய முறை, பன்னாட்டு முறை என்று இரண்டையும் படிக்கிறீர்கள். நாம் முதலில் மூன்று இலக்கம் விட்டுக் காற்புள்ளி வைப்போம்; அப்புறம் இரண்டிரண்டாக வைப்போம். வெளிநாட்டார் மும்மூன்றாகவே வைத்துக் கொண்டு போவார்கள். அதனால்தான் அவர்கள் வீட்டில் லட்சமும் இல்லை, கோடியும் இல்லை. நம் வீட்டில் மில்லியனும் இல்லை; பில்லியனும் இல்லை. இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு பாலம் வேண்டும். அதற்கு மூன்றே வரி போதும். மனப்பாடம் செய்து கொள்ளுங்கள்.

'எம்' வந்தால், பத்தால் பெருக்கி லட்சம் என்று சொல்லுங்கள்.
'பி' வந்தால், நூறால் பெருக்கி கோடி என்று சொல்லுங்கள்.
'டி' வந்தால், எண்ணை அப்படியே வைத்து லட்சம் கோடி என்று சொல்லுங்கள்.

இப்போது 35 எம்? பத்தால் பெருக்கினால் 350 லட்சம். அதாவது மூன்றரைக் கோடி. அவ்வளவுதான்! மாரி-2 படத்தின், 'ரௌடி பேபி' பாட்டு, 2020 நவம்பரில் யூடியூபில் 1 பி பார்வைகளைத் தொட்டது. அப்படியென்றால், நூறு கோடி முறை பார்க்கப்பட்டிருக்கிறது. 2025-26ம் ஆண்டுக்கான மத்திய பட்ஜெட்டில், மொத்தச் செலவு 50.65 லட்சம் கோடி ரூபாய் என்று மதிப்பிட்டார்கள். வெளிநாட்டுப் பத்திரிகை இதையே, 50.65 டிரில்லியன் ரூபாய் என்று எழுதும். எண் மாறவில்லை பாருங்கள்.

விநாடியால் அளந்து பார்ப்போம்!

கே, எம், பி, டி... நான்கும் ஒரே ஒரு எழுத்துதான். நான்கும் பார்க்க ஒரே உயரம். இதுதான் பெரிய ஆபத்து! எழுத்து வளராது, எண் மட்டும் வளர்ந்து கொண்டே போகும்.

நம்ப முடியவில்லையா? காசை விட்டு விடுங்கள். விநாடியை எடுத்துக் கொள்வோம்.

1 கே விநாடி என்பது 16 நிமிடம் 40 விநாடி. பள்ளியில் இடைவேளை விட்டு, மணி அடித்து, மறுபடி வகுப்பில் உட்காரும் நேரம்.

1 எல், அதாவது ஒரு லட்சம் விநாடி என்பது ஒரு நாளும், மூன்றே முக்கால் மணி நேரமும்.

1 எம் விநாடி என்பது பதினொன்றரை நாள். காலாண்டுத் தேர்வு லீவு அளவு என்று வைத்துக் கொள்ளலாம்.

1 சிஆர், அதாவது ஒரு கோடி விநாடி என்பது 115 நாளுக்கும் மேல். கிட்டத்தட்ட நான்கு மாதம்.

1 பி விநாடி? மூச்சைப் பிடித்துக் கொள்ளுங்கள். 31 ஆண்டுகள், 8 மாதங்கள்! உங்கள் அப்பா, அம்மாவின் வயதுக்குப் பக்கத்தில் வந்து விடும்.

1 டி விநாடி? 31,000 ஆண்டுகளுக்கும் மேல். அவ்வளவு காலத்துக்கு முன் இந்தப் பூமியில் விவசாயமே கிடையாது. மனிதர்கள் வேட்டையாடிக் கொண்டிருந்தார்கள்.

பதினொன்றரை நாளுக்கும், 31 ஆண்டுக்கும் நடுவே இருக்கும் வித்தியாசம், எழுத்தில் பார்த்தால் 'எம்'முக்கும், 'பி'க்கும் உள்ள வித்தியாசம் மட்டும்தான். கம்ப்யூட்டர் கீபோர்டில் இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரே ஒரு எழுத்துதான் இருக்கிறது - 'என்'!

இதை வைத்து ஒரு கதையே உண்டு. 2010ம் ஆண்டு மே 6ம் தேதி, அமெரிக்கப் பங்குச் சந்தை சில நிமிடங்களில் படுவேகமாகச் சரிந்தது. டவ் ஜோன்ஸ் என்ற குறியீட்டு எண், கிட்டத்தட்ட ஆயிரம் புள்ளிகள் வரை இறங்கி, பிறகு பெரும்பாலும் மீண்டும் ஏறியது. உடனே ஒரு வதந்தி பரவியது. 'யாரோ ஒரு வியாபாரி, மில்லியன் என்று தட்டுவதற்குப் பதில், பில்லியன் என்று தட்டி விட்டாராம். எம்முக்குப் பதில் பி!' அரசு அமைப்புகள் விசாரித்து, அதே ஆண்டு செப்டம்பரில் அறிக்கை வெளியிட்டன. காரணம் அது இல்லை. ஒரு பெரிய நிறுவனம், கம்ப்யூட்டர் நிரல் மூலம் ஏராளமான ஒப்பந்தங்களை மளமளவென்று விற்றதில் தொடங்கிய சரிவு என்று சொன்னது அறிக்கை.

வதந்தி பொய்தான். ஆனால், பங்குச் சந்தையிலேயே காலம் தள்ளியவர்கள்கூட அதை ஏன் உடனே நம்பினார்கள்? அப்படி நடக்கக் கூடியதுதான் என்று அவர்களுக்குத் தோன்றியதால்தான். ஓர் எழுத்தில் ஆயிரம் மடங்கு மாறும் என்றால், யாருக்குத்தான் பயம் வராது?

அம்மாச்சி கோடீஸ்வரியா?

எங்கள் தெருவில் ஐந்தாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண் இருக்கிறாள். ஒருநாள் மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

''டீச்சர் பாட்டி... டீச்சர் பாட்டி... எங்க அம்மாச்சி பேங்க்ல எட்டாயிரத்து நானூத்து அம்பது கோடி வெச்சிருக்காங்க!''

பாஸ் புத்தகத்தைக் கையோடு கொண்டு வந்திருந்தாள். வாங்கிப் பார்த்தேன். கடைசி வரியில், '8,450.00 சிஆர்' என்று அச்சாகியிருந்தது. முதல் நாள்தான் அவளுடைய மாமா, வீட்டு விளம்பரத்தில் இருந்த 'சிஆர்' என்றால் கோடி என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார். குழந்தை அதைச் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறது!

வங்கிப் புத்தகத்தில் வரும் 'சிஆர்' வேறு. அது 'கிரெடிட்' என்பதன் சுருக்கம். வரவு என்று அர்த்தம். உங்கள் கணக்கில் பணம் இருக்கிறது என்பதை அது சொல்கிறது. 'டிஆர்' என்று இருந்தால், 'டெபிட்', பற்று. அவள் அம்மாச்சியிடம் இருப்பது எட்டாயிரத்து நானூற்று ஐம்பது ரூபாய்தான். அதுவும் முதியோர் பணத்தில் மிச்சம் பிடித்து, தீபாவளிக்குப் பேத்திக்குத் துணி எடுக்க வைத்திருப்பது.

''போங்க டீச்சர் பாட்டி!'' என்று அவள் முகம் சின்னதாகி விட்டது. ஆனால் அவள் செய்தது நல்ல காரியம். தெரியாததைத் தூக்கிக் கொண்டு வந்து கேட்டாள். வெட்கப்பட்டுக் கொண்டு கேட்காமல் இருப்பவர்கள்தான் பிற்பாடு ஏமாறுகிறார்கள்.

ஒரே எழுத்து, இடத்துக்கு இடம் வேஷம் மாற்றும் என்பதைக் கவனித்தீர்களா? 'எம்'மும் அப்படித்தான். ரோமானிய எண்களில் 'எம்' என்றால் ஆயிரம். அதனால் விளம்பரத் தொழிலில், ஆயிரம் பார்வைக்கு இவ்வளவு கட்டணம் என்பதைச் சுருக்கி எழுதும்போது, 'எம்' என்பதை ஆயிரத்துக்கே இன்றும் போடுகிறார்கள். நிதித் துறையில் சிலர் மில்லியனை எழுத, இரண்டு 'எம்' போடுகிறார்கள். ஆயிரம் தடவை ஆயிரம் என்று அர்த்தம்!

'பில்லியன்' என்ற சொல்லே நாட்டுக்கு நாடு மாறியிருக்கிறது. பிரிட்டனில் வெகுகாலம், பில்லியன் என்றால் லட்சம் கோடி. 1974 டிசம்பரில்தான் அந்நாட்டுப் பிரதமர் ஹெரால்ட் வில்சன், இனி அரசு புள்ளிவிவரங்களில் பில்லியன் என்பது நூறு கோடியையே குறிக்கும் என்று பார்லிமென்டில் அறிவித்தார். ஜெர்மானிய மொழியில், பில்லியன் என்றால் இன்றைக்கும் லட்சம் கோடிதான். நூறு கோடிக்கு அவர்கள், 'மில்லியார்டே' என்று வேறு சொல் வைத்திருக்கிறார்கள். ஆகவே, எழுத்தைப் பார்த்ததும், 'இது எந்த ஊர்? எந்தத் தொழில்? எந்தக் காலம்?' என்று கேட்க வேண்டும்.

புள்ளியிலும் இருக்கிறது பள்ளம்!

எழுத்தோடு ஒரு புள்ளியும் சேர்ந்து கொண்டால், இன்னும் வம்பு. '1.5 சிஆர்' என்றால் என்ன? 'ஒரு கோடியே ஐந்து லட்சம்' என்று வேகமாகச் சொல்பவர்கள் நிறையப் பேர். இல்லை! ஒரு கோடியே ஐம்பது லட்சம். ஒரு கோடியே ஐந்து லட்சத்தை எழுத வேண்டுமானால், '1.05 சிஆர்' என்று போட வேண்டும். ஒரு சின்ன பூஜ்யத்தைப் பார்க்காமல் விட்டால், 45 லட்சம் ரூபாய் வித்தியாசம்! ஒரு நடுத்தரக் குடும்பம் ஆயுசு முழுக்கச் சேர்த்தாலும் சேராத தொகை அது.

நிறுவனங்களின் வரவு, செலவு அறிக்கைகளில் இன்னொரு வேடிக்கை இருக்கும். அட்டவணை முழுக்கச் சின்னச் சின்ன எண்களாக இருக்கும். மேலே மூலையில், பொடி எழுத்தில், 'ரூபாய் லட்சத்தில்' அல்லது 'ரூபாய் கோடியில்' என்று இருக்கும். அந்தப் பொடி எழுத்தைப் பார்க்காமல் படித்தால், அம்மாச்சி கதை தலைகீழாகத் திரும்பி விடும். எட்டாயிரம் கோடியை, எட்டாயிரம் ரூபாய் என்று படிப்போம்!

படித்தவர்களே தடுமாறினார்கள்

'நாங்கள் சின்னப் பிள்ளைகள், அதனால் தடுமாறுகிறோம்' என்று நினைக்காதீர்கள். 2020 மார்ச் மாதம், அமெரிக்காவில் ஒரு பெரிய செய்தித் தொலைக்காட்சியில் நடந்ததைக் கேளுங்கள். ஓர் அரசியல்வாதி, தேர்தல் விளம்பரத்துக்கு 500 மில்லியன் டாலர் செலவழித்தாராம். நாட்டின் மக்கள் தொகையோ, 327 மில்லியன். 'அந்தப் பணத்தைப் பிரித்துக் கொடுத்திருந்தால், ஆளுக்கு ஒரு மில்லியன் டாலர் கிடைத்திருக்குமே!' என்று சமூக வலைதளத்தில் யாரோ எழுதியதை, நிகழ்ச்சியில் எடுத்துக் காட்டினார்கள். பேசிக் கொண்டிருந்தவர்களும் ஆமாம், ஆமாம் என்றார்கள்.

நீங்களே சொல்லுங்கள். 500 மில்லியனை 327 மில்லியனால் வகுத்தால்? மேலேயும் மில்லியன், கீழேயும் மில்லியன். இரண்டையும் அடித்து விட்டால், 500ஐ 327ஆல் வகுக்க வேண்டும். விடை, ஒன்றரை. ஆளுக்கு ஒரு மில்லியன் டாலர் இல்லை, ஒன்றரை டாலர்! பிறகு தவறை உணர்ந்து திருத்திக் கொண்டார்கள்.

அவர்களுக்கு வகுத்தல் தெரியாதா? தெரியும். 'மில்லியன்' என்ற சொல்லைக் கேட்டதும் மூளை, 'அது பெரிசு' என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போய் விட்டது. அவ்வளவுதான் நடந்தது. இதே மாதிரிக் கணக்குகள் நம் ஊர் வாட்ஸ் ஆப்பிலும் சுற்றுகின்றன. 2011ம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கெடுப்பின்படி, தமிழகத்தின் மக்கள் தொகை 7.21 கோடி. யாராவது, '721 கோடி ரூபாயை எல்லாருக்கும் பிரித்தால், எல்லாரும் லட்சாதிபதி' என்று அனுப்பினால், கோடியைக் கோடியோடு அடித்துப் பாருங்கள். ஆளுக்கு வரும் தொகை நூறு ரூபாய்!

நாலு நாளாக என் வீடியோவை 45 பேர்தான்...

இது உங்களுக்காகவே எழுதும் பகுதி.

பெரிய சேனல்களின் சந்தாதாரர் எண்ணிக்கையை, 2019ல் இருந்து யூடியூப் சுருக்கித்தான் காட்டுகிறது. ஒரு சேனலுக்கு 1,33,017 பேர் இருந்தால், வெளியில் '133 கே' என்றே தெரியும். 1,34,000 பேர் ஆகும் வரை எண் அசையாது. நடுவில் வந்து சேர்ந்த ஒன்பது பேரும் தெரிய மாட்டார்கள். ஒன்பது நூறு பேரும் தெரிய மாட்டார்கள். 'எம்' வந்து விட்டால், ஒளிந்து கொள்கிறவர்கள் இன்னும் அதிகம். 4.22 எம் என்பது 4.23 எம் ஆவதற்குள், பத்தாயிரம் பேர் வர வேண்டும். ஒரு பெரிய கிராமமே ஒரு புள்ளிக்குள் அடங்கி விடுகிறது!

பெரிய எண்களைப் பார்த்துப் பார்த்துப் பழகிய கண், சின்ன எண்ணை மதிப்பதில்லை. ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன், தான் வரைந்த படங்களை வீடியோ எடுத்து, அக்காவின் பக்கத்தில் போடச் சொன்னானாம். நாலு நாளில் 45 பேர் பார்த்திருக்கிறார்கள். 'எல்லாருக்கும் கே, எம்முன்னு வருது... எனக்கு வெறும் நாப்பத்தஞ்சு...' என்று சாப்பிடாமல் படுத்து விட்டானாம்.

நான் அவனிடம் கேட்டேன். ''உன் வகுப்பில் எத்தனை பேர்?''

''நாப்பத்திரண்டு.''

''அப்படியானால், உன் வகுப்பு மொத்தமும், கூடவே மூன்று டீச்சர்களும் வரிசையில் நின்று உன் படத்தைப் பார்த்திருக்கிறார்கள். அது வெறும் நாற்பத்தைந்தா?''

அவன் பதில் சொல்லவில்லை. ஆனால், சாயங்காலம் புதுப் படம் ஒன்று வரைந்து கொண்டிருந்தான்.

குழந்தைகளே, 1 கே என்பது, ஆயிரம் பேர். காலை வழிபாட்டுக் கூட்டத்தில் பள்ளி மைதானம் நிறைய நிற்கிறீர்களே, அதுபோன்ற கூட்டம். 2023 ஆகஸ்ட் 23ம் தேதி, சந்திரயான்-3 நிலவில் இறங்கியதை, இஸ்ரோவின் யூடியூப் நேரலையில் ஒரே நேரத்தில் பார்த்தவர்கள், 80 லட்சம் பேருக்கும் மேல். திரையில் அது வெறும் '8 எம்'. ஆனால், எண்பது லட்சம் ஜோடிக் கண்கள் ஒரே நொடியில் இமைக்காமல் பார்த்ததை நினைத்தால்தானே, உடம்பு சிலிர்க்கிறது?

பூஜ்யங்களைப் போட்டு எழுதினால், பெரிய எண்ணுக்கு அதன் உண்மையான பெருமை கிடைக்கும். சின்ன எண்ணுக்கும் அதன் மரியாதை கிடைக்கும்.

பணம் என்றால் எழுத்தால் எழுது!

பொழுதுபோக்கில் தவறினால் சிரித்துவிட்டுப் போகலாம். பணத்தில் தவறினால் சிரிக்க முடியாது.

நம் முன்னோர் இதை நன்றாகப் புரிந்து வைத்திருந்தார்கள். வங்கியில் 'செக்' எழுதும்போது, தொகையை எண்ணால் மட்டும் எழுதினால் போதாது. எழுத்தாலும் எழுத வேண்டும். இரண்டும் மாறுபட்டால், எழுத்தால் எழுதிய தொகையையே எடுத்துக் கொள்ள வேண்டும் என்று, 1881ம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம் சொல்கிறது. ஏன்? எண்ணில் ஒரு பூஜ்யத்தைச் சேர்ப்பது சுலபம். சொல்லில் சேர்ப்பது கடினம். 'ரூபாய் பத்தாயிரம் மட்டும்' என்று கடைசியில் 'மட்டும்' போடுவதும், பின்னால் யாரும் எதையும் ஒட்டவைக்க முடியாமல் இருப்பதற்காகத்தான். காகிதத்தில் இத்தனை எச்சரிக்கையாக இருந்த நாம், மொபைல் திரைக்கு வந்ததும், '5 கே', '2 எல்' என்று தாராளமாகி விட்டோம்.

'வீட்டில் இருந்தபடியே தினம் 5 கே சம்பாதிக்கலாம்' என்று செய்தி வரும். 'உடனடிக் கடன் 2 எல். கட்டணம் வெறும் 7 கே' என்று வரும். '7 கே' என்று படிக்கும்போது, ஏதோ ஏழு ரூபாய் மாதிரி நாக்கில் லேசாக உருண்டு விடுகிறது. 'ஏழாயிரம் ரூபாய்' என்று சொல்லிப் பாருங்கள். கனக்கிறதா? கனக்க வேண்டும்! கடன் கைக்கு வரும் முன்பே ஏழாயிரம் ரூபாய் எதற்கு என்ற கேள்வி, அப்போதுதான் மனதில் வரும். சுருக்கெழுத்து எண்ணின் கனத்தைக் குறைத்துக் காட்டுகிறது. ஏமாற்றுகிறவனுக்கு அது வசதி.

பூஜ்யம் அதிகம் இருந்தாலே பணம் அதிகம் என்றும் நினைக்க வேண்டாம். 2009 ஜனவரியில், ஜிம்பாப்வே நாட்டில், 100 டிரில்லியன் டாலர் நோட்டு வெளியிட்டார்கள். ஒன்றுக்குப் பின் பதினான்கு பூஜ்யம்! நம் கணக்கில் கோடிக் கோடி. ஆனால், விலைவாசி கட்டுக்கடங்காமல் ஏறியதால், அந்தப் பணத்தின் மதிப்பு அதல பாதாளத்துக்குப் போயிருந்தது. அடுத்த மாதமே, பன்னிரண்டு பூஜ்யங்களை வெட்டி எறிந்தார்கள். கேம்மில் நீங்கள் சேர்க்கும் '850 கே காயின்' கதையும் இதுதான். எட்டரை லட்சம் காயின் வைத்திருந்தாலும், தெருமுனைக் கடையில் ஒரு கடலை மிட்டாய் வாங்க முடியாது. ஆனால், அந்தக் காயினை வாங்க அப்பாவின் கணக்கில் இருந்து போகிறதே, அது நிஜ ரூபாய்!

அப்படியானால் எழுத்தே வேண்டாமா?

'இந்தச் சுருக்கெழுத்துகளை எல்லாம் ஒழித்துக் கட்ட வேண்டும்' என்று சில பெரியவர்கள் சொல்கிறார்கள். நான் அந்தக் கட்சி இல்லை. சின்னத் திரையில் பன்னிரண்டு பூஜ்யத்தை எழுதினால், கண்தான் வலிக்கும். எண்ணும்போது ஒன்று கூடும், ஒன்று குறையும். சுருக்கி எழுதுவது நமக்குப் புதிதும் இல்லை. தமிழ் எண்களில் பத்துக்கு ௰, நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ என்று தனித்தனிக் குறிகள் இருந்தன. 1947 என்பதை, ௲௯௱௪௰௭ என்று எழுதுவார்கள். ஆயிரத்துக்கு ஒரே எழுத்து! ஆனால் ஒன்று கவனியுங்கள். அந்தக் குறி எதையும் ஒளிக்கவில்லை. ஆயிரமும் தெரிகிறது, தொள்ளாயிரமும் தெரிகிறது, நாற்பத்தேழும் தெரிகிறது.

சுருக்கலாம், ஒளிக்கக் கூடாது. இதுதான் என் கட்சி!

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்திய முறை, பன்னாட்டு முறைப் பாடத்தை நடத்தும்போது, இந்த எழுத்துகளையும் கரும்பலகையில் எழுதிக் காட்டுங்கள். பிள்ளைகள் தினமும் பார்ப்பது அதைத்தான். விளம்பரம் செய்பவர்களுக்கும், கடன் கொடுப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். மக்கள் பணம் கட்ட வேண்டிய இடத்தில், தொகையை ஒரு தடவையாவது முழுசாக எழுத்தில் எழுதுங்கள். 'ஏழாயிரம் ரூபாய்' என்று எழுத, கொஞ்சம் இடம்தான் கூடுதலாகப் பிடிக்கும்.

உங்களுக்கு, ஒரு சின்னப் பழக்கம் சொல்கிறேன். பெரிய எண்ணைப் பார்த்ததும், மூன்று காரியம் செய்யுங்கள். எழுத்தை எடுங்கள், பூஜ்யத்தைப் போடுங்கள், நம் கணக்கில் வாய் விட்டுச் சொல்லுங்கள். வீட்டில் யாராவது ஒரு தொகைக்குச் 'சரி' என்று அழுத்தப் போகும்போது, பக்கத்தில் இருந்தால், அவர்களுக்கும் சொல்லிக் காட்டுங்கள். மொபைல் போன் பற்றி நாங்கள் உங்களிடம் எவ்வளவோ கற்றுக் கொள்கிறோம். இதையும் நீங்கள்தான் எங்களுக்குக் கற்றுத் தர வேண்டும்.

டீச்சர் எழுதினால் வீட்டுப்பாடம் இல்லாமல் இருக்குமா? இதோ, மூன்று கணக்கு.

1. 6.4 எம் என்பது எத்தனை லட்சம்?
2. 0.75 பி என்பது எத்தனை கோடி?
3. 2.05 சிஆருக்கும், 2.5 சிஆருக்கும் வித்தியாசம் எத்தனை ரூபாய்?

மூன்றாவது விடையை, பூஜ்யங்களோடும் எழுதுங்கள், எழுத்தாலும் எழுதுங்கள். கடைசியில், 'மட்டும்' போட மறக்காதீர்கள்!